புள்ளிக்குக் காசு கொடுக்காதீங்கோ, துணிக்குக் கொடுங்கோ

இணையக் கடைகளிலும் நகரத்து உடுப்புக் கடைகளிலும் இப்ப ஒரு வகைக் காற்சட்டை நல்லா ஓடுகிறது. தொடையில் பெரிய பொக்கற், முழங்காலில் இரட்டைத் துணி, ஒலிவ் பச்சை அல்லது மண் நிறம், சிலவற்றில் ஆமிப் புள்ளி. விளம்பரத்தில் ‘டெக்டிக்கல்’, ‘மிலிட்டரி கிரேட்’, ‘கிழியவே கிழியாது’ என்று எழுதியிருக்கும். மலையேறப் போற பொடியள், மோட்டார் சைக்கிளில் நாடு சுற்றுகிறவர்கள், கமராவோடு காடு பார்க்கப் போகிறவர்கள் என்று பலரும் வாங்குகிறார்கள். சாதாரணக் காற்சட்டையைவிட விலை கூட. “ஆமிக்காரன் போடுற துணி, அதான் விலை” என்பதுதான் கடைக்காரர் சொல்லும் காரணம்.

அந்தக் காரணத்தை நாங்கள் ஏற்கவில்லை. நீண்டகாலம் உழைக்கும் உடுப்பு வேண்டாம் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். மூன்று தரம் தோய்த்ததும் முழங்காலில் பிய்கிற மலிவுத் துணியைவிட ஐந்து வருடம் நிற்கிற ஒன்று எங்கட காசுக்கும் நல்லது, குப்பை மேட்டுக்கும் நல்லது. ஆனால் அந்த உறுதி துணியிலும் தையலிலும்தான் இருக்கிறது. இராணுவத்தின் பெயரிலும் இல்லை, அதன் புள்ளியிலும் இல்லை.

முதலில் ‘மிலிட்டரி கிரேட்’ என்ற சொல்லைப் பார்ப்போம். எந்த நாட்டு இராணுவம்? எந்த வருடம்? வெயிலுக்கா, பனிக்கா? இவற்றுக்குப் பதில் இல்லாத சொல் அது. இராணுவங்கள் துணி வாங்கும்போது எழுத்தில் விவரக்குறிப்பு வைப்பது உண்மை. அதற்கு ஒரு எண் இருக்கும். என்ன நூல், எத்தனை வீதம், என்ன நெசவு, என்ன எடை, எவ்வளவு இழுத்தால் கிழியலாம், எத்தனை தரம் தோய்த்தால் எவ்வளவு சுருங்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். விளம்பரக்காரர் அந்த எண்ணைச் சொன்னால் பேசலாம். சிலர் ‘மில்-ஸ்டாண்டர்ட் 810’ என்று போடுவார்கள். அது கருவிகளையும் சாதனங்களையும் வெப்பம், அதிர்வு, தூசி, ஈரம் ஆகியவற்றுக்குள் வைத்துச் சோதிப்பதற்கான அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முறை. உங்கட காற்சட்டையின் துணி கிழியுமா கிழியாதா என்று சொல்வதற்காக எழுதப்பட்டது அல்ல.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கோ. இராணுவம் உடுப்பைக் கேள்விப்பத்திரம் போட்டுத்தான் வாங்குகிறது. இலட்சக்கணக்கில் வாங்கும்போது விலை பார்க்கப்படும், பழைய இருப்பு பார்க்கப்படும், உள்நாட்டுத் தொழிற்சாலைகளின் அரசியலும் பார்க்கப்படும். கடைசியில் தெரிவாகிற துணி பல சமரசங்களுக்குப் பிறகு வருகிற துணி.

அமெரிக்க இராணுவத்தின் உடுப்பு வரலாற்றையே எடுத்துப் பார்ப்போம். இந்தக் கடைகள் நகலெடுப்பது பெரும்பாலும் அதைத்தானே.

1960களின் தொடக்கத்தில் வியட்நாமுக்குப் போன அமெரிக்கப் படையினரின் வழக்கமான வேலை உடுப்பு பருத்திச் சாட்டீன். சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 290 கிராம் வரும் தடித்த துணி. அந்த வெக்கைக்கும் சேற்றுக்கும் அது சரிவரவில்லை. நனைந்தால் பாரம், காய நேரம். எனவே மெல்லிய பருத்திப் பொப்ளினில், தளர்வான வெட்டில், காட்டு உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது முட்களில் கிழிந்தது. 1960களின் பிற்பகுதியில் அதே பருத்தியை ‘ரிப்ஸ்டொப்’ நெசவில் நெய்தார்கள். சில மில்லிமீற்றருக்கு ஒருக்கா பாவிலும் ஊடையிலும் தடித்த நூலை ஓடவிட்டுச் சின்னச் சின்னக் கட்டமாக்குவதுதான் அந்த நெசவு. ஒரு கட்டத்தில் கிழிசல் விழுந்தால் அடுத்த தடித்த நூலில் அது நின்றுவிடும்.

1981இல் புதிய சண்டை உடுப்பு வந்தது. பாதி நைலோன், பாதி பருத்தி, ட்வில் நெசவு. எல்லா இடத்துக்கும் ஒரே உடுப்பு என்பதுதான் நினைப்பு. 1983 ஒக்டோபரில் கிரனடாத் தீவில் இறங்கிய படையினர் அதற்குள் வெந்துபோனார்கள். கரிபியன் வெயிலுக்கு அந்தத் துணி காற்றோட்டமே தரவில்லை. பிறகு வெப்ப நாடுகளுக்கென்று முழுப் பருத்தி ரிப்ஸ்டொப்பில் இன்னொன்று தைத்தார்கள். அது குளிர்மையாக இருந்தது, ஆனால் சீக்கிரம் நைந்தது, நிறமும் போனது. 1990களில் திரும்பவும் பாதி நைலோன், பாதி பருத்திக்கே வந்தார்கள். ஆனால் இந்த முறை ரிப்ஸ்டொப் நெசவில். ஒரே இராணுவம் ஒரே கேள்விக்கு முப்பது வருடத்தில் சொன்ன பதில்கள் இவை. இதில் எது ‘மிலிட்டரி கிரேட்’?

புள்ளியின் கதை இதைவிட மோசம். 2004இல் அதே இராணுவம் பாலைவனம், காடு, நகரம் மூன்றுக்கும் பொருந்தும் என்று சொல்லி ஒரு சாம்பல் பச்சைக் கட்டப் புள்ளியை அறிவித்தது. மூன்றிலும் அது ஒளிக்கவில்லை. கோடிக்கணக்கான டொலர் செலவழித்த பிறகு 2015இல் இருந்து வேறொரு புள்ளிக்கு மாறினார்கள். அந்தக் காற்சட்டைகள் கவட்டில் பிய்கின்றன என்றும் படையினர் குறைப்பட்டார்கள், பிறகு அந்தத் தையலைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. கவட்டில் கிழிகிற காற்சட்டையை எங்கட சந்தையிலேயே வாங்கலாம், அதற்கு அமெரிக்கா வரைக்கும் போகத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 2006இல் ஈராக்கில் நடந்தது. வியர்வையைச் சீக்கிரம் உலர்த்தும் பொலியெஸ்டர், நைலோன் உள்ளுடுப்புகளைப் படையினர் விரும்பிப் போட்டார்கள். வீதியோரக் குண்டுகளில் தீப்பிடித்தபோது அவை உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டன. அமெரிக்க மரைன் படை, முகாமுக்கு வெளியே போகும்போது அப்படியான செயற்கைத் துணிகளைப் போடக்கூடாது என்று தடை விதித்தது. நல்ல துணிதான், ஆனால் அந்த இடத்துக்குச் சாவு.

இந்த வரலாற்றில் நாங்கள் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தரமும் பிழைத்தது, “எங்கே போடப் போறம்? அங்கே துணிக்கு என்ன நடக்கும்?” என்ற கேள்வியைக் கேட்காததால். ஒவ்வொரு தரமும் திருந்தியது அதைக் கேட்டதால். கடை எங்களுக்கு விற்பது அந்த உடுப்பின் தோற்றத்தை. நாங்கள் எடுக்கவேண்டியது அந்தக் கேள்வியை.

சரி, எங்கட இடங்களுக்கு என்ன துணி?

வன்னிப் பற்றைக்காடு, மன்னார் உடைமுள், பனங்கூடல் எல்லாம் கிழிசலின் இடம். பனைமட்டையின் கருக்கு வாள் மாதிரி. இங்கே மெல்லிய பின்னல் துணி ஒரு நாளும் நிற்காது. நெருக்கமாக நெய்த, சதுர மீற்றருக்கு 200 முதல் 240 கிராம் வரையான கலப்புத் துணி வேண்டும். 65 வீதம் பொலியெஸ்டர், 35 வீதம் பருத்தி என்பது இங்கே இலகுவாகக் கிடைக்கும், விலையும் தாங்கும். நைலோன்–பருத்திக் கலவை கிடைத்தால் தேய்மானத்துக்கு இன்னும் நல்லது. ஆனால் ஒன்று, நைலோன் வெயிலில் கிடந்தால் பொலியெஸ்டரைவிடச் சீக்கிரம் வலுவிழக்கும். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவருக்கு இது சின்ன விசயம் இல்லை.

வெறும் வெயிலும் நடையும்தான் என்றால் பருத்தி. பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 வீத ஈரத்தைச் சாதாரணக் காற்றிலேயே பிடித்து வைத்திருக்கும், நைலோன் 4 வீதம், பொலியெஸ்டர் அரை வீதம்கூட இல்லை. வியர்வையைத் தோலில் இருந்து வாங்கிக்கொள்வதால்தான் பருத்தி குளிர்மை. 130 முதல் 160 கிராம் பொப்ளினில் தளர்வான முழுக்கைச் சேட் ஒன்று, தொடையில் நாலு பொக்கற் வைத்த பாரமான காற்சட்டையைவிட வெயிலை நல்லாத் தாங்கும். வயலில் நிற்கிற ஐயாமார் பழைய முழுக்கைச் சேட்டோடும் சாரத்தோடும் நிற்பது வசதி இல்லாததால் மட்டுமல்ல, காற்றுப் போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதே பருத்தி மலையில் எதிரி. சிவனொளிபாதமலைக்கு இரவில் ஏறும்போது வியர்வையில் நனைந்த தடித்த பருத்தி, விடியற்காலைக் காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நக்கிள்ஸ் பக்கம் மழையில் மாட்டினால் மூன்று நாளுக்கும் காயாது. அங்கே மெல்லிய நைலோன் அல்லது பொலியெஸ்டர் கூடிய துணி, சீக்கிரம் காய வேண்டும். அட்டைக்கு எந்தப் புள்ளியும் ஒளியாது, நெருக்கமான நெசவும் காலுறைக்குள் செருகிய காற்சட்டை நுனியும்தான் காவல்.

மழைக்கு ‘மூச்சு விடும் ரெயின் ஜக்கற்’ என்று ஒன்று விற்கிறார்கள். அதன் மெல்லிய படலம் உள்ளே இருக்கும் ஈர ஆவியை வெளியே விடுவது, வெளியே காற்று உள்ளேவிட உலர்ந்திருக்கும்போது மட்டும்தான். எங்கட மாரியில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும். உள்ளே வியர்வையில் நனைவதும் வெளியே மழையில் நனைவதும் ஒன்றுதான். இரண்டாம் உலகப் போரில் குளிர்கடலில் விழும் பிரித்தானிய விமானிகளைக் காக்க ‘வென்டைல்’ என்ற பருத்தித் துணியை உருவாக்கினார்கள். நனைந்ததும் நூல் உப்பி நெசவின் இடைவெளியை அடைத்துவிடும், தண்ணீர் புகாது. அருமையான துணி, ஆனால் அது வட கடலின் குளிருக்குப் பிறந்தது. அந்தப் பெயரைப் பார்த்து மட்டக்களப்பு மழைக்கு வாங்கினால் பிழை துணியில் இல்லை.

அடுப்பு, விறகு, வெல்டிங், பட்டாசு இருக்கும் இடம் என்றால் செயற்கைத் துணி வேண்டாம். ஈராக் கதையை நினைத்துக்கொள்ளுங்கோ.

ரிப்ஸ்டொப் என்ற சொல்லிலும் மயங்கவேண்டாம். அது கிழிசல் பரவுவதைத் தடுக்கும், கிழிசல் விழுவதைத் தடுக்காது. தேய்மானத்துக்கும் அது மருந்து இல்லை. கல்லில் இருந்து எழும்புகிற பின்பக்கத்துக்கும் பைக் சீற்றில் உரசுகிற உட்தொடைக்கும் ட்வில் நெசவே நல்லம். அதைவிடக் கேவலம், ரிப்ஸ்டொப் மாதிரிக் கட்டக் கோட்டை மேலே அச்சடித்த துணியும் சந்தையில் இருக்கிறது. திருப்பிப் பாருங்கோ. உட்பக்கத்தில் கட்டம் இல்லையென்றால் அது நெசவு இல்லை, படம்.

துணிக்குப் பிறகு தையல். நல்ல துணியும் கெட்ட தையலில் சாகும். உட்தொடைப் பொருத்து ஒற்றை ஓட்டமா, மடித்துப் பிடித்த இரட்டை ஓட்டமா? கவட்டில் நாலு தையலும் ஒரே புள்ளியில் சந்திக்கிறதா, இல்லை தனியே ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா? பொக்கற் மூலைகளில் நெருக்கமான கட்டுத்தையல் இருக்கிறதா? நூலை நகத்தால் இழுத்தால் அவிழ்கிறதா? துணி விளிம்பில் இருந்து ஒரு நூலை உருவி, வீட்டில் கவனமாகப் பற்றவையுங்கோ. கடதாசி எரிகிற மணமும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி. உருகிக் கறுத்த மணியாக இறுகினால் செயற்கை. இரண்டும் சேர்ந்து நடந்தால் கலப்பு. ‘100% கொட்டன்’ என்று ஒட்டிய சீட்டு பொய் சொல்லலாம், நெருப்பு சொல்லாது.

இதையெல்லாம் நாங்கள் ஏதோ வெளிநாட்டு நிபுணரிடம் கற்கவேண்டும் என்று நினைப்பதுதான் எங்களுக்குக் கோபம். உலகம் போடுகிற உடுப்பைத் தைக்கிற நாடு இது. கட்டுநாயக்காவில் 1978இல் தொடங்கிய தொழில், போருக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சி வரைக்கும் வந்திருக்கிறது. எங்கட அக்காமார், தங்கச்சிமார் விடிய பஸ் ஏறிப் போய், ஒரு தையலில் ஒரு ஓட்டம் குறைந்தாலும் திருப்பி அனுப்பப்படுகிற உடுப்புகளைத் தைக்கிறார்கள். துணியின் எடை, தையலின் பலம், சுருக்கம் எல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். அந்த வீட்டுத் தம்பி, தெரியாத ஒருவரின் யூடியூப் விமர்சனத்தை நம்பிக் காசு கட்டுகிறான். பக்கத்து அறையில் இருக்கிற தர பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

உறுதியான வெளியுடுப்பு உண்மையில் யாருக்குத் தேவை என்று யாரும் கேட்பதில்லை. மலையகத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் படங்கு சுற்றிக்கொண்டு தேயிலைப் பற்றைக்குள் இறங்குகிறார்கள். ஈரமும் கொப்பும் உடம்பில் படாமல் இருக்க அவர்கள் கண்ட வழி அது. வடக்கில் கண்ணிவெடி அகற்றுகிற பெண்கள் முகக்கவசத்தோடும் பாரமான காப்பு அங்கியோடும் கொதிக்கிற மண்ணில் மணிக்கணக்காக முழந்தாளிடுகிறார்கள். அவர்களின் உடுப்புக்கு ஒரு விளம்பரமும் இல்லை, ஒரு விமர்சனமும் இல்லை. வார இறுதியில் மலையேறுகிறவருக்கு இருக்கிற தெரிவு, வருடம் முழுக்க மலையில் நிற்கிறவருக்கு இல்லை. தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு உடுப்பையும் சேர்த்துக் கேட்கவேண்டும். துணி பற்றிய அறிவு அந்தக் கோரிக்கைக்கும் வேண்டும்.

இனிப் புள்ளிக்கு வருவோம்.

“அது வெறும் ஸ்டைல். உலகம் முழுக்கப் போடுறாங்கள். எல்லாத்துக்குள்ளயும் ஏன் அரசியலைக் கொண்டு வாறீங்கள்?” எண்டு கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1972இல் நியூயோர்க்கில் ஜோன் லெனன் ஒரு பழைய அமெரிக்க இராணுவச் சேட்டைப் போட்டுக்கொண்டுதான் பாடினார். வியட்நாமில் இருந்து திரும்பிய படையினரே அதே பச்சை ஜக்கற்றோடு போருக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். இராணுவ உடுப்பை இராணுவத்துக்கு எதிராகவும் போடலாம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அங்கே அந்த உடுப்புக்கு அர்த்தம் கொடுத்தது, அதைப் போட்டவர் யார், எங்கே நின்று போட்டார் என்பதுதான். போரை எதிர்க்கிறோம் என்று அவர்கள் சொல்லிப் போட்டார்கள். நாங்கள் என்ன சொல்லிப் போடுகிறோம்?

எங்கட ஊரில் அந்தப் புள்ளி சோதனைச்சாவடியில் நின்றது, அடையாள அட்டை கேட்டது, இரவில் படலையைத் தட்டியது. வரி போட்ட இன்னொரு உடுப்பை எங்கட வீடுகளில் இருந்து போன பிள்ளைகளே போட்டார்கள், பலர் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் அந்த நிறம் தூரத்தில் வந்தால் பேச்சை நிறுத்துகிற அம்மாமார் இருக்கிறார்கள். காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடி வீதியில் இருக்கிற தாய்மாரின் கொட்டிலைக் கடந்து அதே புள்ளியில் செல்ஃபி எடுக்கப் போவது ஸ்டைல் இல்லை, கவனம் இல்லாமை. பார்படோஸ், ஜமேக்கா போன்ற கரிபியன் நாடுகளில் பொதுமக்கள் ஆமிப் புள்ளி போடுவதே சட்டப்படி குற்றம். நாங்கள் தடை கேட்கவில்லை. என்ன உடுப்பது என்று கட்டளை போடுகிறவர்கள் ஏற்கனவே கூடிப்போனார்கள். நாங்கள் கேட்பது, போடுகிறவர் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும் என்பதை.

அதிலும் அந்தப் புள்ளியால் உடுப்பின் ஆயுளில் ஒரு நாளும் கூடப்போவதில்லை. அதே துணி மண் நிறத்தில், சாம்பலில், கருநீலத்தில் இருக்கிறது. அழுக்குத் தெரியாது, வீதியில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், வீட்டில் யாருக்கும் நெஞ்சு பதறாது.

துணியை மீற்றர் கணக்கில் வாங்கி ஊர்த் தையற்கடையில் கொடுத்துத் தைப்பிக்கலாம் என்பதையும் மறந்துபோனோம். முழங்காலுக்கு இரட்டைத் துணி, கவட்டுக்குத் தனித்துண்டு, பொக்கற் மூலைக்குக் கட்டுத்தையல் என்று கேட்டால் தெரிந்த தையற்காரர் செய்து தருவார். உங்கட அளவுக்கு வரும். கிழிந்தால் அவரிடமே கொண்டுபோகலாம். அந்தக் காசு ஊரிலேயே நிற்கும்.

ஆகவே கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கோ. என்ன நூல், எத்தனை வீதம்? சதுர மீற்றருக்கு எத்தனை கிராம்? என்ன நெசவு? “இது ஆமித் துணி தம்பி” என்பது மூன்றுக்கும் பதில் இல்லை. அதுக்கு மேல பதில் வராட்டி, காசைப் பழைய களிசானின்ர பொக்கற்றிலேயே வைச்சுக்கொண்டு வெளியில வாங்கோ.